பிந்திய சம்பாவுக்கு இன்னொரு மூட்டை யூரியாவா?

14.11.2024

கூத்தாநல்லூர் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டது இது: "அண்ணே, எனக்கு 2 ஏக்கர். பிபிடி 5204 நெல் போட்டிருக்கிறேன். வாய்க்காலில் தண்ணீர் பிந்தி வந்ததால் செப்டம்பர் 28தான் நாற்று விட முடிந்தது. அக்டோபர் 26 நட்டோம். அடியுரமாக ஏக்கருக்கு ஒரு மூட்டை டிஏபி, நட்ட 12ஆம் நாள் ஒரு மூட்டை யூரியா. பயிர் மஞ்சளாக நிற்கிறது, பக்கத்து வயல் கரும்பச்சை. உரக்கடையில் இன்னும் ஒரு மூட்டை யூரியா வீசச் சொல்கிறார்கள், பிந்திய நடவுக்கு உரத்தைக் கூட்டினால்தான் பிடித்துக்கொள்ளும் என்கிறார்கள். போடலாமா?"

இன்றைக்குப் போடாதே தம்பி.

பிந்திப்போன நாளை யூரியா திருப்பித் தராது. இலையைத்தான் கூட்டும். மத்திய கால, நீண்ட கால ரகங்களுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்வது ஹெக்டேருக்கு 150:50:50, ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) 60 கிலோ, மணிச்சத்து (பாஸ்பரஸ்) 20, சாம்பல் சத்து (பொட்டாஷ்) 20. இந்த 60 கிலோ தழைச்சத்தையும் நாலாகப் பிரித்து அடியில் ஒன்று, தூர் கட்டும்போது (பக்கத் தண்டுகள் கிளைக்கும்போது) ஒன்று, கதிர் உருவாகும்போது ஒன்று, கதிர் வெளிவரும்போது ஒன்று என்று போடச் சொல்கிறார்கள். நீ போட்ட டிஏபியில் தழைச்சத்து 9 கிலோ, யூரியா மூட்டையில் 23 கிலோ, ஆக 32. மொத்தத் தேவையில் பாதிக்கு மேல் நட்ட 12 நாளிலேயே உள்ளே போய்விட்டது. பயிர் பசியில் மஞ்சளாக நிற்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை. கீழ் இலை மஞ்சளா, மேல் இலை மஞ்சளா, அதைப் பார்த்துச் சொல். முடிந்தால் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்து அனுப்பு.

சாம்பல் சத்து போடவே இல்லையே, ஏன்?

15.11.2024

நேற்றுப் போட்ட கணக்கில் ஒரு தவறு. யூரியா மூட்டை 50 கிலோ என்று பழைய பழக்கத்தில் போட்டுவிட்டேன். 2018 முதல் மூட்டை 45 கிலோதான். 46 சதவீதம் என்றால் 20.7 கிலோ தழைச்சத்து. டிஏபியோடு சேர்த்து ஏறத்தாழ 30. பாதிக்கு மேல் என்று எழுதியதைச் சரிபாதி என்று திருத்திக்கொள்ளுங்கள். பதில் மாறவில்லை.

இந்த 50 கிலோ கணக்கு எங்கள் ஊரில் இன்னும் பலர் வாயில் இருக்கிறது. மூட்டைக் கணக்கில் பேசாமல் கிலோக் கணக்கில் பேசினால் பாதிக் குழப்பம் தீரும்.

17.11.2024

படம் வந்தது. நல்ல வேளை யூரியா வீசவில்லை.

கீழ் இலைகளில் துரு பிடித்தது போல பழுப்புப் புள்ளிகள், இளம் இலையின் நடு நரம்பு அடிப்பக்கத்தில் வெளுத்திருக்கிறது, வயலில் அங்கங்கே திட்டுத் திட்டாகக் குட்டையாக நிற்கிறது. இது துத்தநாகக் (ஜிங்க்) குறை. நட்ட 2 முதல் 4 வாரத்துக்குள் நம் களிமண்ணில், அதிலும் தண்ணீர் வடியாமல் நிற்கிற வயலில் வரும். தழைச்சத்துக் குறை வேறு மாதிரி இருக்கும்: கீழே உள்ள முதிர்ந்த இலைகள் நுனியிலிருந்து சீராக மஞ்சளாகும், புள்ளி இருக்காது, திட்டாக வராது, வயல் முழுக்க ஒரே நிறமாக வெளிறும்.

ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலோடு கலந்து நடவுக்கு முன்னால் தூவியிருக்க வேண்டும், தூவிய பிறகு மண்ணுக்குள் மிதித்து அழுத்தவும் கூடாது. டிஏபியோடு ஒரே நாளில் கலந்து போட்டால் மணிச்சத்து அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பயிருக்குக் கிடைக்காது. இப்போது நேரம் போய்விட்டதால் இலை வழியாகக் கொடு. நூறு லிட்டர் தண்ணீருக்கு அரை கிலோ ஜிங்க் சல்பேட், ஒரு கிலோ யூரியா. அதற்கு முன்னால் தண்ணீரை வடித்து 2 நாள் வயலைக் காற்றாட விடு. வேர் மூச்சு விட்டால் பாதி மஞ்சள் தானே போகும்.

14ஆம் தேதி நான் கேள்வி கேட்காமல் "பசி இல்லை, சும்மா இரு" என்று மட்டும் சொல்லியிருந்தால் அதுவும் தவறான ஆலோசனையாகத்தான் போயிருக்கும்.

22.11.2024

வலங்கைமான் பக்கம் ஒருவர் கேட்கிறார், "நட்டதிலிருந்து 145 நாள்தானே பிபிடிக்கு?" இல்லை. ரகத்தின் வயது விதைவிட்ட நாளிலிருந்து. நாற்றங்காலில் இருந்த நாளும் அதற்குள் அடக்கம். இந்தக் குழப்பம்தான் உரத்தையும் தப்பான நாளில் போட வைக்கிறது.

நான் எப்போதும் பின்னாலிருந்து எண்ணுவேன். பூத்த பிறகு நெல் முற்ற ஏறத்தாழ 30 நாள். கதிர் தண்டுக்குள் உருவாகத் தொடங்கிப் பூக்கும் வரை 30, 35 நாள். இந்த இரண்டும் எந்த ரகத்துக்கும் பெரிதாக மாறாது. மீதியெல்லாம் தூர் கட்டும் காலம், அதுதான் ரகத்துக்கு ரகம் கூடும் குறையும். குறுகிய காலக் குறுவைப் போகத்தில் 105, 110 நாள் ரகத்துக்கு அது 45 நாள், சி.ஆர். 1009 மாதிரி 155 நாளைத் தாண்டும் ரகத்துக்கு 3 மாதம்.

தம்பியின் வயலுக்கு இதைப் பொருத்திப் பார்த்தேன். செப்டம்பர் 28ல் விதை, 145 நாள் என்றால் பிப்ரவரி 20 அறுவடை. பூப்பது ஜனவரி 20 வாக்கில். கதிர் உருவாவது டிசம்பர் 17, 18 தொட்டு. அதாவது மார்கழி பிறந்ததும் கதிர் கட்டத் தொடங்கி, மார்கழிப் பனி முழுவதையும் தொண்டைக்கதிரில் (கதிர் வெளிவரும் முன் தண்டுக்குள் உப்பி நிற்கும் பருவம்) வாங்கிக்கொண்டு, தை முதல் வாரத்தில் பூக்கும். பிபிடிக்குக் குலைநோய் என்ற பூசண நோய் சுலபமாக வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரவு 20 டிகிரிக்குக் குளிர்ந்து, விடிந்து வெகுநேரம் வரை இலை நனைந்தே இருந்தால் குலைநோய்க்கு அது விருந்து. அதன்மேல் தழைச்சத்தைக் கூட்டி இலையை மெத்தென்று ஆக்கி வைத்தால் நாமே வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரி.

ஆகஸ்ட் 25ல் விதைவிட்ட பிபிடிக்கு இதே ஒரு மூட்டை யூரியா இவ்வளவு கெடுதல் செய்யாது, அதைத்தான் சொல்ல வருகிறேன். உரத்தை எடை போடும்போது விதைத்த தேதியையும் தராசில் வைக்க வேண்டும். நம் ஊரில் உர அட்டவணையைத் தனியாகவும் பட்டத்தை, அதாவது விதைக்கிற காலத்தை, தனியாகவும் பேசியே பழகிவிட்டோம்.

24.11.2024

நானும் இதைச் சூடுபட்டுத்தான் கற்றேன். எழுதி வைக்கிறேன், நீளமாக இருக்கும்.

2022ல் மேட்டூர் மே 24லேயே திறந்தார்கள். வழக்கமான ஜூன் 12க்கு முன்னாலேயே தண்ணீர் வந்த சந்தோஷத்தில் குறுவை போட்டோம். ஆனால் அறுவடை நேரத்தில் மழை, மிஷின் வரத் தாமதம், அப்புறம் வைக்கோல் எடுக்கத் தாமதம் என்று குறுவை அறுத்த வயலில் போடும் தாளடி நடவு ஐப்பசிக் கடைசிக்குப் போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. பிந்தியதை ஈடு கட்ட வேண்டும் என்று மேலவயல் ஒரு ஏக்கருக்குத் தொண்டைக்கதிர் பருவத்தில் அரை மூட்டை யூரியா கூடுதலாக வீசினேன். கீழவயலுக்குக் கையில் உரம் தீர்ந்துவிட்டதால் போடவில்லை, அவ்வளவுதான், திட்டம் போட்டுச் செய்த சோதனை ஒன்றும் கிடையாது.

ஜனவரி கடைசியில் மேலவயலைப் பார்த்தவர்கள் எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். கதிர் நீளம், இலை கரும்பச்சை, கீழவயலைவிட நாலு விரல் உயரம். பிப்ரவரி முதல் வாரம் பருவம் தப்பிய மழை வந்தது. 2023 பிப்ரவரி மழை டெல்டாவில் யாருக்கும் மறக்காது, ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள் அல்லவா, அந்த மழைதான். மூன்றாம் நாள் காலையில் வரப்பில் போய் நின்றேன். மேலவயல் பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. தண்டை எடுத்துப் பிதுக்கிப் பார்த்தால் அடிக்கணு மெத்தென்று அமுங்குகிறது. கீழவயல் சாய்ந்திருந்தது, ஆனால் படுக்கவில்லை. மேலவயலில் தண்ணீருக்குள் கிடந்த கதிரை உருவிக் கையில் வைத்துப் பார்த்தேன். மணிக்கு மணி வெள்ளை வேர் ஊசி மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கதிரிலேயே முளைத்துவிட்டது.

கீழவயலில் 31 மூட்டை கண்டது, 60 கிலோ மூட்டை. மேலவயலில் மிஷின் வாரிக்கொடுத்தது 17, அதிலும் ஈரம், கறுப்பு.

அன்றைக்கு எனக்குப் பண நஷ்டத்தைவிட வேறொன்று உறுத்தியது. இருபது வருஷமாகப் பயிர் செய்கிறேன், அந்த யூரியா வேண்டாம் என்று உள்ளுக்குள் தெரியும். பிந்திவிட்டோமே என்ற பதற்றத்தில் கை தானாக வீசியது. உரக்கடைக்காரரைக் குறை சொல்லவில்லை. பதற்றத்தோடு போய் நின்றால் யாராக இருந்தாலும் எதையாவது கையில் கொடுத்துத்தான் அனுப்புவார்கள்.

28.11.2024

3 நாளாக மழை. எங்கள் பக்கம் வயலும் வாய்க்காலும் ஒன்றாகிவிட்டது. தம்பியின் வயலில் நடவு மூழ்கி நுனி மட்டும் தெரிகிறதாம். இப்போது யாரும் உரப்பையைத் தொடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் வீசுகிற யூரியா பாமணி ஆற்றுக்குத்தான் போகும். முதலில் வடிகால், வடிகால், வடிகால்.

2.12.2024

தண்ணீர் வடிந்த பிறகு என்ன போடுவது என்று 4 பேர் கேட்டிருக்கிறார்கள். வெள்ளம் வடிந்த சம்பாவுக்கு வேளாண்மைத் துறை வழக்கமாகச் சொல்கிற கலவை: ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம்புண்ணாக்கு, மூன்றையும் கலந்து ஒரு இரவு வைத்திருந்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து வீசுவது. நான் 2 முறை செய்திருக்கிறேன். பயிர் திரும்பிக்கொள்கிறது. வேப்பம்புண்ணாக்கு யூரியாவின் சத்து வீணாவதை மட்டுப்படுத்தும், பொட்டாஷ் தண்டை இறுக்கும்.

தம்பிக்கு முன்பு "யூரியா வேண்டாம்" என்று சொன்னேன், இப்போது 22 கிலோ போடச் சொல்கிறேன். இரண்டும் முரண் இல்லை. அன்று மண்ணில் சத்து இருந்தது, வெள்ளம் அதைக் கொண்டுபோய்விட்டது. புது இலை விட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடு. வேர் அழுகி நிற்கிற தூருக்குச் சோறு ஊட்ட முடியாது.

6.12.2024

இலை வண்ண அட்டை பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன். பக்கத்து வயல் கரும்பச்சை, என் வயல் வெளுப்பு என்று கண்ணால் ஒப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். கையளவு பிளாஸ்டிக் அட்டை, வெளிர்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை பட்டைகள். நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில், உடம்பு நிழலில் வைத்து, மேலே முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியைப் பட்டையோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். பத்துச் செடியில் ஆறு செடியாவது 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து போடலாம். வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு 3.

ஒரே ஆள், ஒரே நேரம் பார்க்க வேண்டும். என் மனைவிக்கு 4 என்று தெரிவது எனக்கு மூன்றரையாகத் தெரிகிறது. அதனால் எங்கள் வீட்டில் அட்டை அவர் கையில்தான்.

கரும்பச்சை என்றால் செழிப்பு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. புகையான் பூச்சியும் இலைச்சுருட்டுப் புழுவும் முதலில் இறங்குவது அந்தக் கரும்பச்சை வயலில்தான்.

8.12.2024

மழை விட்ட ஓய்வில் அப்பாவோடு பேசிக்கொண்டிருந்தேன். அவருக்கு 78 வயது. ஆடுதுறை 27 நெல் ரகம் வந்த 1965ல் அவர் வாலிபர். அதற்கு முன்னால் எங்கள் வயலில் உரம் என்றால் தொழுவுரம், கொழிஞ்சித் தழை, அப்புறம் ஆட்டுக் கிடை. மாசியில் அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். ராத்திரிக்கு ஒரு வயல் என்று பட்டி மாற்றிப் போடுவார்கள், விடியும்போது மண் தெரியாமல் புழுக்கை கிடக்கும். இப்போதும் வருகிறார்கள், முன்பு போல இல்லை.

அப்பா சொன்னதில் எனக்குப் பிடித்தது: கிடை போட்ட வயலில் அந்த வருஷம் மாப்பிள்ளைச் சம்பா போட மாட்டார்களாம். உயரமாகப் போகும் ரகம், சத்து கூடினால் படுத்துவிடும். மேட்டு வயலுக்கும் இளைத்த வயலுக்கும்தான் அது. ரகத்தையும் உரத்தையும் சேர்த்து நினைக்கிற பழக்கம் அவர்களிடம் இருந்தது, அட்டவணை இல்லாமலே.

மாப்பிள்ளைச் சம்பாவில் இன்னொரு சங்கதியும் உண்டு. பகல் குறைவதை உணர்ந்து பூக்கிற பயிர் அது. பிந்தி விதைத்தாலும் பூக்கிற நாள் அதிகம் தள்ளிப்போகாது, தூர் கட்டும் காலம்தான் சுருங்கும், விளைச்சல் குறையும். பிபிடி மாதிரியான ரகங்கள் அப்படி இல்லை, எத்தனை நாள் பிந்தி விதைத்தோமோ கிட்டத்தட்ட அத்தனை நாள் பிந்திப் பூக்கும். பட்டம் தப்புவதன் விலை பழைய ரகத்துக்கு ஒன்று, புது ரகத்துக்கு வேறொன்று.

19.12.2024

தம்பி, இன்று உன் வயலில் இறங்கு. நல்ல தூர் ஒன்றில் தாய்த்தண்டை வேரோடு பிடுங்கு. பிளேடால் அடியிலிருந்து நீளவாக்கில் பிள. கடைசிக் கணுவுக்கு மேலே, உள்ளே, வெள்ளையாகப் பஞ்சுத் துணுக்கு மாதிரி ஒன்று தெரியும், ஒரு மில்லிமீட்டர், மிஞ்சினால் இரண்டு. அதுதான் கதிர். பத்துத் தண்டில் அஞ்சில் அது இருந்தால் உர நாள் வந்துவிட்டது. நாட்காட்டியைவிட இந்தப் பஞ்சுத் துணுக்குச் சொல்வதுதான் சரி, வெள்ளத்தில் மூழ்கிய பயிர் சில நாள் பிந்தும்.

ஏக்கருக்கு 25 கிலோ யூரியா, 17 கிலோ பொட்டாஷ். அதற்கு மேல் வேண்டாம். தண்ணீரைச் சேறும் சகதியுமாக வடித்துவிட்டு வீசு, மறுநாள் தண்ணீர் கட்டு.

என் சி.ஆர். 1009 ஆகஸ்ட் 20ல் விட்டது. பூக்கத் தொடங்கிவிட்டது. காலை 9 மணிக்கு மேல் வரப்பில் நின்றால் வெள்ளைப் பொடி தெரிகிறது.

20.12.2024

தம்பி நேற்று ராத்திரியே பதில் போட்டிருக்கிறார். பத்துத் தண்டில் எட்டில் இருக்கிறதாம், பிள்ளைகளும் சேர்ந்து தண்டு பிளந்து பார்த்தார்களாம். மிக்க மகிழ்ச்சி.

2.1.2025

"கதிரில் மஞ்சள் உருண்டை வந்திருக்கிறது, லட்சுமி வந்துவிட்டாள் என்று அம்மா சொல்கிறார், நிஜமா?" என்று ஒரு கேள்வி. லட்சுமி நோய் என்று நம் பெரியவர்கள் சொன்னதற்குக் காரணம் உண்டு. நல்ல விளைச்சல் வருகிற, ஈரமான வருஷத்தில்தான் இது தலை காட்டும். ஆனால் அது பூசணம், நெற்பழம் என்றும் சொல்வார்கள். தழைச்சத்து கூடிப்போய், பூக்கும்போது ஈரமும் இருந்தால் கூடும். அந்த உருண்டை இருக்கிற கதிரை விதைக்கு எடுக்காதீர்கள். அம்மாவிடம் சண்டை போட வேண்டாம், அவர் சொன்னதில் பாதி சரி.

11.1.2025

தம்பியின் வயலை இன்று நேரில் பார்த்தேன். காலை ஏழரைக்குப் போனோம். பனியில் வேட்டி முழங்கால் வரை நனைந்துவிட்டது, எட்டரைக்கும் இலை நுனியில் சொட்டு நிற்கிறது. தொண்டைக்கதிர் உப்பிக்கொண்டு வருகிறது. இலையில் கண் வடிவப் புள்ளிகள் அங்கங்கே, நடுவில் சாம்பல், ஓரம் பழுப்பு. குலைநோய்தான், ஆனால் பரவவில்லை. பக்கத்து வயலுக்கும் போனோம், நவம்பரில் கரும்பச்சையாக நின்ற அதே வயல். அங்கே இலை கருகி, தூரத்திலிருந்து பார்த்தால் நெருப்பு பட்ட மாதிரி இருக்கிறது. அந்த அண்ணன் வரப்பிலேயே உட்கார்ந்திருந்தார். எங்களுக்குப் பேச்சு வரவில்லை.

கதிர் கழுத்து வெளியே வரும்போது ஒரு முறை மருந்து அடிப்பது என்று முடிவு செய்தோம், ஏக்கருக்கு ட்ரைசைக்ளசோல் 200 கிராம். கடைசித் தவணை யூரியாவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இதில் எனக்கே இரண்டு மனசு. கதிர் வெளிவரும்போது கொடுக்கிற கொஞ்சம் தழைச்சத்து மணியில் புரதத்தைக் கூட்டும், அரைக்கும்போது நொய்யைக் குறைக்கும், அதனால்தான் நாலாவது தவணை என்றே வைத்திருக்கிறார்கள். பட்டத்தில் விதைத்த பயிராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். இந்தப் பனியில், இந்தப் புள்ளியைப் பார்த்த பிறகு, கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. தரம் கொஞ்சம் போனாலும் கழுத்து நிற்கட்டும்.

20.1.2025

18, 19 இரண்டு நாளும் மழை. இப்போது யார் கேட்டது இந்த மழையை.

என் 1009க்கு இன்னும் 5 நாளில் மிஷின் சொல்லி வைத்திருந்தேன். சாய்ந்திருக்கிறது. முழுதாகப் படுத்தது ஒரே ஒரு இடத்தில், போன கோடையில் எருக்குவியல் கிடந்த மூலை, ஏறத்தாழ 10 குழி, சின்னத் திட்டுத்தான். அந்த மூலை மட்டும் பயிர் எப்போதும் ஒரு கை உயரம். மற்ற இடமெல்லாம் தலை குனிந்து நிற்கிறது, தண்ணீரைத் தொடவில்லை.

தம்பிக்கு வேறு அடி. அவர் பயிர் பூக்கிற நாளில் மழை. நெல் பூ காலை 9 மணி முதல் நண்பகல் வரை ஒரு மணி, ஒன்றரை மணி நேரம்தான் திறக்கும். அந்த நேரத்தில் அடைமழை என்றால் அன்று திறக்க வேண்டிய பூ பதராகிவிடும். எல்லாக் கதிரும் ஒரே நாளில் பூக்காது, ஒரு வாரம் பூக்கும், அதனால் இரண்டு நாள் மழையில் முழுதும் போகாது தம்பி, தைரியமாக இரு.

22.1.2025

முதல் குறிப்புகளைத் திரும்பப் படித்தேன். பட்டத்தில் விதைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற தொனி அதில் இருக்கிறது. அது சரியில்லை. நான் பட்டத்தில்தான் விதைத்தேன், தை மழை என்னையும் பிடித்தது. பத்து நாள் முந்தி விட்டிருந்தால் தப்பித்திருப்பேன், ஆனால் ஆகஸ்ட் 10ல் எங்கள் வாய்க்காலில் தண்ணீர் இல்லை. மேட்டூர் ஜூலை 28தான் திறந்தார்கள், கடைமடைக்கு அது வந்து சேர நாளாகும். விதைக்கிற தேதி விவசாயி கையில் முழுதாக இல்லை. உரம் கையில் இருக்கிறது. அதனால்தான் தண்ணீர் பிந்திய வருஷம் நாம் உரத்தைக் கொண்டு காலத்தை விரட்டப் பார்க்கிறோம் என்று நினைக்கிறேன். அது புரிகிறது. இருந்தும் எருக்குவியல் மூலை படுத்ததும் மற்றது நின்றதும் ஒரே மழையில்தான்.

2.2.2025

29ஆம் தேதி அறுத்தோம், செயின் மிஷின். ஏக்கருக்கு 34 மூட்டை. அறுத்த நாளில் ஈரம் கூடுதலாக இருந்தது. கொள்முதலுக்கு 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதால் ரோட்டோரம் 2 நாள் உலர்த்தினோம், ராத்திரி தார்ப்பாய் போட்டுக் காவல். பல்லில் கடித்தால் டக் என்று உடைய வேண்டும், மெத்தென்று நசுங்கினால் ஈரம் இருக்கிறது.

உளுந்தை அறுவடைக்கு 5 நாள் முன்னால் ஈரத்திலேயே தெளித்திருந்தேன். முளைத்து வந்திருக்கிறது. நெல்லுக்குப் பட்டம் பார்ப்பதில் பாதிக் காரணம் இந்த உளுந்து. தையில் விழுந்தால் மாசியில் பூக்கும். மாசிக் கடைசியில் விழுந்தால் பங்குனி வெயிலில் பூ உதிரும், மஞ்சள் தேமலும் சேர்ந்துகொள்ளும்.

26.2.2025

தம்பி 23ஆம் தேதி அறுத்துவிட்டார். ஏக்கருக்கு 24 மூட்டை. பதர் அதிகம், மழை நாளில் பூத்த கதிர்களின் நடுப்பகுதி காலி. கழுத்துக்குலை (கதிர்க் கழுத்தில் வரும் குலைநோய்) ஏக்கருக்கு நாலைந்து குழி அளவுக்குத்தான். பக்கத்து வயல் அண்ணனுக்கு 11 மூட்டை என்றார்.

ஒரு மூட்டையை அரைத்து இரண்டு படி கொண்டுவந்து கொடுத்தார். தட்டில் பரப்பிப் பார்த்தோம். நொய் அதிகமாகத்தான் இருக்கிறது. சில அரிசிகளில் நடுவில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி வெள்ளை. மணி முற்றிய கடைசி நாள்கள் மாசி வெயிலில் விழுந்ததால் வந்திருக்கலாம் அது, வெப்பம் கூடினால் மணிக்குள் மாவு நெருக்கமாக அடுக்கிக்கொள்ளாது, அந்த இடம்தான் வெள்ளையாகத் தெரிந்து மில்லில் உடைகிறது. நான் நாலாவது தவணையை நிறுத்தச் சொன்னதும் நொய்க்கு ஒரு காரணமாக இருக்கலாம், மறைக்கவில்லை. அடுத்த முறை இதே நிலை வந்தால் பாதித் தவணை, 10, 12 கிலோ, பனி விலகிய வெயில் நாள் பார்த்துக் கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

சோறு வடித்துச் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

5.3.2025

"அடுத்த வருஷமும் தண்ணீர் பிந்தினால் என்ன செய்வது?" என்கிறார் தம்பி.

செப்டம்பர் 10க்குள் நாற்று விட முடியும் என்றால் பிபிடி. தாண்டிவிட்டால் பிபிடியை மறந்துவிட்டு 130 நாள் ரகத்துக்குப் போ, டிகேஎம் 13 சன்னமாகவே இருக்கும், சாப்பாட்டுக்கும் ஆகும். செப்டம்பர் 28லேயே விட்டாலும் பிப்ரவரி 5ல் அறுத்துவிடலாம், உளுந்துக்கும் நாள் கிடைக்கும். வயது குறைந்த ரகத்துக்குத் தூர் கட்டும் காலம் குறைவு, அதனால் நாற்றையும் இளசாக நடு. மாத வயதுக்கு ஒரு வார நாற்று என்று கணக்கு, நாலு மாத ரகத்துக்கு நாலு வாரம். இந்த ஏப்ரலில் கோடை மழை விழுந்தால் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து 45 நாளில் மடக்கி உழு. அடியுர யூரியாவில் கை வைக்கிற தேவை குறையும். ஜிங்க் சல்பேட்டை நடவுக்கு முதல் நாள் மணலோடு தூவ மறக்காதே, டிஏபியைக் கடைசி உழவிலேயே போட்டு முடித்துவிடு.

உளுந்துக்கு 2 சதவீத டிஏபி கரைசல் தெளிக்கிற நாள் எனக்கு நெருங்குகிறது. 4 கிலோவை ராத்திரியே ஊறவைக்க வேண்டும், தெளிந்த நீரை மட்டும் வடித்து 200 லிட்டராக்கினால் ஏக்கருக்குச் சரியாக இருக்கும்.